அழுது வாங்கின ஆர்டர்

வாங்க, இப்படி உள்ளார தள்ளி உக்காருங்க. பை இடைஞ்சலா இருக்குதுங்களா? இல்லைங்க, கீழ வெக்க மாட்டேன், மடியிலயே வெச்சுக்கறேன். உள்ள பிளாஸ்க்கு இருக்குது. இந்த டிரைவரு போற போக்குல கீழ வெச்சா உடைஞ்சு போயிரும். சுக்குக் காப்பி போட்டுக் கொண்டு போறனுங்க. நீங்க ஒரு வாய் குடிங்க. அட, வேண்டாம்னு சொல்லக் கூடாதுங்க. குடுக்கறதை வேண்டாங்கறது மரியாதை இல்லை. சோத்துக் கையில வாங்குங்க. ஆங், அப்படித்தான்.

நான் உடுமலைக்குப் போறனுங்க. ஒரு எழவு. எங்க பக்கத்தூட்டுக்காரரு இருக்காரு, அவரோட சம்பந்தியோட அம்மா. சொந்தமெல்லாம் இல்லீங்க. ஒரே ஒருக்கா அவிய ஊட்டுக்குப் போயிருக்கறேன், நல்ல உச்சி வெயில்ல. அந்தம்மா தடியூனிட்டு வந்து, அவிய கையாலயே ஒரு சொம்பு மோர் குடுத்தாங்க. கருவேப்பிலை கிள்ளிப் போட்டு, பச்சை மொளகாய நசுக்கிப் போட்டு. அந்த மோரைக் குடிச்சுப்போட்டு இன்னைக்குப் போகாம ஊட்ல உக்காந்திருந்தா நானெல்லாம் மனுசனுங்களா? எங்கூட்டுக்காரி கூட, "இந்த வெயில்ல நீங்க எதுக்குங்க, போன்ல கேட்டாப் போதாதா"ன்னா. கம்முனு இருன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டனுங்க. அழுதுட்டு இருக்கறவிய பச்சைத் தண்ணி குடிச்சிருக்க மாட்டாங்க. தொண்டை காஞ்சிருக்கும். அதுக்குத்தான் இந்தச் சுக்குக் காப்பி.

நல்லதுக்குப் போகாட்டிக்கூடப் பரவாயில்லைங்க, கெட்டதுக்குப் போகோணும். இதுல நான் நெம்பக் கண்டிசனான ஆளு. எங்கய்யன் தவறிப் போனப்ப, எங்க கம்பெனிக்கு வார்ப்புச் சாமான் போடற ஒருத்தன், ராயப்பன்னு பேரு, எட்டிக்கூடப் பாக்கலை. அடுத்த வாரம் கம்பெனிக்குள்ள பல்லக் காட்டிக்கிட்டே வந்து, "ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா சார்"ன்னான். ஙொப்புறானே, எனக்கு உச்சந்தலைக்கு ஏறிப்போச்சு. எல்லாரும் சௌக்கியமாம்! அப்பக் கொள்முதல் நம்ம கையில, அன்னையோட அவனுக்கு ஆர்டர் நிறுத்தினவன்தான். மொதலாளியே வந்து, "சென்னியப்பா, அவன் சாமான் சுத்தமா இருக்கும், பழைய ஆளு, உட்ரு"ன்னாரு. சாமான் சுத்தமா இருக்கும் சார், மனசு சுத்தமா இல்லையேன்னு சொல்லிட்டேன். கடைசி வரைக்கும் அவனை உள்ள உடவே இல்லைங்க.

அது கெடக்கட்டும். நீங்க போன்ல பேசிட்டிருந்தது காதுல உழுந்துச்சு. ஒட்டுக் கேக்கலைங்க, நீங்க பேசின சத்தத்துக்கு டிரைவருக்கே கேட்டிருக்கும். அடுத்த மாசம் சவுதி போறீங்களாட்ட இருக்குது? துண்டு வியாபாரமுங்களா. அப்ப நீங்க இந்தப் பஸ்ல என் பக்கத்துல வந்து உக்காந்தது உங்க நல்ல நேரமுங்க. சும்மா சொல்லலை. அந்த ஊரு மரியாதை, மொறை, பழக்க வழக்கம், இதுல எனக்குத் தெரியாதது கெடையாது.

நம்ம கம்பெனி கோயமுத்தூர்ல பம்பு செட்டு பண்ற கம்பெனிங்க. நான் அங்க வெளிநாட்டு விற்பனை மேனேஜரா இருந்தேன். சவுதியில புரைதான்னு ஒரு ஊரு, ரியாத்துக்கு அக்கட்டால. பேரிச்சந் தோப்பு நம்மூர் தென்னந் தோப்பாட்டம் கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் கெடக்கும். அத்தனைக்கும் ஆழ்கெணத்துத் தண்ணி, அத்தனைக்கும் பம்பு வேணும். அங்கத்திக்கு அபு நாசர்னு ஒரு பெரிய வியாபாரி, நாசருங்கற பையனோட அப்பான்னு அர்த்தம். சொந்தத் தோப்பும் உண்டு, சுத்துப்பட்டுக்கெல்லாம் பம்பு விக்கிற கடையும் உண்டு. அவரு ஒரு கையெழுத்துப் போட்டா அந்தப் பக்கம் பூராவும் நம்ம பம்புதான். மொதலாளி என்னையக் கூப்பிட்டுச் சொன்னாரு, "சென்னியப்பா, இந்த ஆர்டர் அமைஞ்சா ரியாத்துல ஆபீசு போடறோம். அங்க மேனேஜரு நீதான்." எங்கூட்டுக்காரி தெருப் பூராவும் சொல்லிட்டா. நான் போறதுக்கு முன்னாடியே மாமனார் ஊட்ல இருந்து ரெண்டு பெட்டி வாங்கி அனுப்பிச்சுட்டாங்க.

எடுத்தோம் கவுத்தோம்னு நான் போகலைங்க. மொதலாளி பெங்களூர்ல இருந்து ஒரு அம்மாவைக் கூட்டியாந்து ஓட்டல்ல வகுப்பே நடத்தினாரு, அரபு நாட்டுல எப்படி நடந்துக்கறதுன்னு. மத்தவிய எல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்காக வந்தாங்க. நான் ஒவ்வொண்ணையும் மனப்பாடம் பண்ணினேன். செருப்பு அடிப்பாகம் அவிய பக்கம் தெரியற மாதிரி காலு மேல காலு போடக் கூடாது. எடது கைய நீட்டக் கூடாது. போன உடனே வியாபாரத்தை எடுக்கக் கூடாது, சௌக்கியம் விசாரிக்கோணும், காப்பி குடிக்கோணும். காப்பிக் கோப்பை சின்னது, கைப்பிடி கெடையாது. போதும்னா வாயில சொல்லக் கூடாது, கோப்பைய இப்படி லேசா ஆட்டோணும். ஆட்டாட்டி ஊத்திக்கிட்டே இருப்பான். அப்பறம் கோப்பையில எப்பவுமே கொஞ்சமாத்தான் ஊத்துவாங்க, அதுதான் மரியாதை. ததும்பத் ததும்ப ஊத்திக் குடுத்தா என்ன அர்த்தம் தெரியுமுங்களா? குடிச்சுட்டுக் கெளம்புன்னு அர்த்தம். அவிய சாமான் எதையும் நல்லா இருக்குதுன்னு சொல்லக் கூடாது, கழட்டிக் கையில குடுத்துருவாங்க. பாங்கு சொன்னா பேச்சை அப்படியே நிறுத்தோணும். எல்லாத்துக்கும் மேல ஒண்ணு, அந்தம்மா இதை மூணு வாட்டி சொல்லுச்சு. அவிய ஊட்டுப் பொம்பளைங்களப் பத்தி வாயே தொறக்கக் கூடாது. சம்சாரம் எப்படி இருக்காங்கன்னு கேட்டா அதோட முடிஞ்சுது. கேக்கறதா இருந்தா, "ஊட்ல எல்லாரும் சௌக்கியமா"ன்னு பொதுவாக் கேட்டுக்கலாம்.

இத்தனையும் நான் ஊட்லயே பழகினனுங்க. எங்கூட்டுக்காரி காப்பி கொண்டாந்தா கோப்பைய ஆட்டிக் காட்டுவேன். அவளும் ரெண்டு நாள் பாத்துட்டு, "சக்கரை பத்தலைன்னா வாயத் தொறந்து சொல்லுங்க"ன்னா.

எங்கூட ஒருத்தனைத் தாட்டி உட்டாங்க, மயில்சாமின்னு. பம்பு மாட்டிக் காட்டறதுக்கு. அவன் வகுப்புக்கு வந்தவன்தான், மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் தூங்கிட்டான். மொத நாள் அபு நாசர் கடைக்குப் போறோம். மாடியில அவிய ஊடு, கீழ கடையில பெரிய கூடம், கம்பளம், சுத்தியும் திண்டு. நான் காலை மடக்கி, முட்டி வலிக்க வலிக்க உக்காந்திருக்கறேன். இவன் காலை நீட்டிச் சாஞ்சுட்டான். உள்ளங்காலு ரெண்டும் அபு நாசர் மூஞ்சியப் பாத்து இருக்குது. நான் இடிக்கறேன், கிள்ளறேன், "என்னங்க சார் எறும்பா?"ன்னு கேக்கறான். அபு நாசர் கையில மணிமாலை உருட்டிட்டிருந்தாரு. "மாலை ஜம்முனு இருக்குதுங்க"ன்னான். அவரு உடனே எடுத்து அவன் கையில வெச்சுட்டாரு. இவன் வாங்கிக் கழுத்துல போட்டுக்கிட்டான். எனக்கு வேர்த்து ஊத்துது.

அத்தோட உட்டானா? "உங்களுக்கு அம்மா, அப்பா எல்லாம் இருக்காங்களா?"ன்னு கேட்டானுங்க! மொத நாளு! நான் திண்டு மறைவுல அவன் காலை அமுக்கறேன். அவன் இங்கிலீசும் அரைகுறை, அவரு இங்கிலீசும் அரைகுறை, அதனால ரெண்டு பேருக்கும் நல்லாப் புரிஞ்சு போச்சு. அவரு சிரிச்சுட்டாரு. அம்மா இருக்காங்களாம். தோப்புப் பூராவும் அந்தம்மா பேர்லதான் இருக்குதாம். எந்த மரத்துல எப்பத் தண்ணி உடறதுன்னு இன்னமும் மாடியில உக்காந்துட்டு அவியதான் சொல்வாங்களாம். "பம்பு வாங்கறதுன்னாலும் அம்மாகிட்டக் கேட்டுத்தான்"னாரு. நான் அந்த நேரம் மேல சுவத்தைப் பாத்துட்டேன். அந்தப் பேச்சுல நான் இல்லைன்னு அவருக்குத் தெரியோணுமில்லீங்களா.

நாங்க போயி ஒரு வாரத்துல நோம்பு மாசம் பொறந்துருச்சு. எல்லாம் மெதுவாத்தான் நடக்கும், ஆர்டர் நோம்பு முடிஞ்சப்பறம்தான்னு சொல்லிட்டாங்க. மயில்சாமி ரூம்ல ஒளிஞ்சு ரொட்டி தின்னுட்டு இருந்தான். நான் ஒரு ரோசனை பண்ணினேன். நாமளும் நோம்பு இருந்தா என்ன? வகுப்புல கூட அதைச் சொல்லலை, நானாக் கண்டுபுடிச்சது. அபு நாசர்கிட்டப் போயி, "உங்க கூட நானும் நோம்பு இருக்கறேன்"னேன். மனுசன் எந்திரிச்சு வந்து கையப் புடிச்சுட்டாரு. உள்ளுக்குள்ள எனக்கு, ஆர்டர் பாதி கைக்கு வந்துருச்சுன்னு.

அந்த வெயில்ல பகல் பூராவும் தண்ணி பல்லுல படாம இருந்துட்டு, சாயங்காலம் ஆனா பேரிச்சம்பழம், எண்ணெய்ல பொரிச்சது, கறி, இனிப்புன்னு போட்டு அமுக்கினா வவுறு என்னத்துக்கு ஆகும்? அவிய சின்னதுல இருந்து பழகினவிய. நமக்கு ஆகலைங்க. மொத வாரத்துலயே படுத்துட்டேன். மேலயும் கீழயும் போயி, எந்திரிக்கவே முடியலை. மயில்சாமிதான் தாங்கிப் புடிச்சான். அதை இல்லைங்கலை.

ஹம்சான்னு ஒரு மலையாளத்துக்காரரு, அபு நாசர் கடையில கணக்குப் பாக்கறவரு. அவரு மூலமாச் சேதி மாடிக்குப் போயிருக்குது. அன்னைக்குச் சாயங்காலம் ஹம்சா ஓட்டலுக்கு மூடி திருகற, சூடு ஆறாத ஒரு பாத்திரத்தோட வந்தாரு. உள்ள கோதுமைய இடிச்சுக் காச்சின கஞ்சி, தயிர் உட்டு, தண்ணியா. நம்மூர்ல காச்சக்காரனுக்கு வெக்கற மாதிரியே. "பெரியம்மா கொடுத்துவிட்டது சாரே. அவரே கையால உண்டாக்கியது"ன்னாரு. அபு நாசரோட அம்மாவைத்தான் பெரியம்மாங்கறாரு. அதோட ஒரு சேதி. "சுகமில்லாத்தவனுக்கு நோம்பு இல்ல, படைச்சவனே விட்டுக் கொடுத்திருக்கான், அந்தப் புள்ளைகிட்டச் சொல்லு, அவன் அம்மா இங்க இல்லையே"ன்னு சொன்னாங்களாம். நான் வேற சாமி கும்பிடறவன்னு அந்தம்மாவுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்களாட்ட இருக்குதுங்க. வயசானவிய.

நான் எந்திரிச்சு உக்கார்ற வரைக்கும் தெனமும் வந்துச்சு. ஒரு நாளைக்கு உப்புக் கொறைச்சு, ஒரு நாளைக்குக் கொஞ்சம் கெட்டியா. வவுறு எந்த நெலமையில இருக்குதுன்னு ஹம்சாகிட்டக் கேட்டுக் கேட்டுக் காச்சியிருக்காங்க. எனக்கு எங்கம்மா போயி நெம்ப வருசம் ஆச்சுங்க. அந்தக் கஞ்சி வாயில வெச்சப்ப... சரி, அதெல்லாம் எதுக்கு. காச்சக்காரனுக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கும்.

இங்கதாங்க நீங்க என்னையக் கவனிக்கோணும். தேறி எந்திரிச்சு மொத நாள் கடைக்குப் போறேன். அபு நாசர் கையப் புடிச்சுட்டு, "வவுறு எப்படி? சாப்பாடு ஒத்துக்கிச்சா?"ன்னு கேக்கறாரு. வேறொருத்தனா இருந்தா என்ன சொல்லியிருப்பான்? "உங்கம்மா கஞ்சிதான் என்னையக் காப்பாத்துச்சு"ன்னு உளறியிருப்பான். நான் வாயத் தொறக்கலையே! "உங்க நாட்டு உபசாரத்துக்கு நன்றி"ன்னு மட்டும் சொன்னேன், பொதுவா. அவரு இன்னும் எதையோ சொல்லுவேன்னு பாத்துட்டே இருந்தாரு. நான் பேச்சைப் பம்புக்கு மாத்திட்டேன். கட்டுப்பாடுன்னா அதுதாங்க. பக்கத்துல இருந்த மயில்சாமி, "கஞ்சி எங்கம்மா வெக்கற மாதிரியே இருந்துச்சுங்க, மீதியெல்லாம் நான்தான் வழிச்சுக் குடிச்சேன், அம்மாகிட்டச் சொல்லிருங்க"ன்னான். அவரு மாடிப் பக்கமாத் திரும்பி அரபியில ஏதோ சத்தமாச் சொன்னாரு. மேல இருந்து ஒரு கெழவி சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. அவ்வளவுதான், அந்தம்மாளைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது. அந்தச் சிரிப்புச் சத்தம்.

கடைசியா வந்த பாத்திரம் எங்க ரூம்லயே தங்கிப் போச்சு. மயில்சாமி, "வெறும் பாத்திரமாக் குடுக்கக் கூடாதுங்க சார். எங்கூட்ல இருந்து கொண்டாந்த முறுக்கு இருக்குது, போட்டுக் குடுத்தர்லாம்"ன்னான். யாரு கையில குடுக்கறது? மகன் கையிலயா? "இந்தாங்க, உங்கம்மா பாத்திரம்"னா? அது பொம்பளைப் பேச்சை எடுத்த மாதிரி ஆகாதா? முறுக்கை நீயே தின்னுன்னு சொல்லிப் பாத்திரத்தைப் பெட்டிக்குள்ள வெச்சுட்டேன்.

நோம்பு முடிஞ்சு பெருநா நோம்பியும் வந்துச்சு. புதுத் துணி, பலகாரம், எல்லாம் ஆச்சு. வர்ற வாரம் கையெழுத்துன்னு அபு நாசரே சொன்னாரு. எங்கூட்டுக்காரிக்குப் போன் போட்டு, பெட்டியக் கட்டிக்கலாம்னு சொல்லிட்டேன். மக்யா நாள் காலையில ஹம்சா ஓட்டலுக்கு ஓடியாறாரு. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது. பெரியம்மா போயிட்டாங்களாம். வெடியால தொழுகைக்கு எந்திரிச்சவிய, தொழுத எடத்துலயே.

எனக்குப் பொக்குனு போச்சுங்க. இல்லைங்கலை. கட்டில்ல உக்காந்துட்டேன்.

ஹம்சா சொன்னாரு, "சாரே, மூணு நாள் ஆணுங்க எல்லாரும் வந்து இருப்பாங்க. நீங்க வரணும். ஒண்ணும் பேச வேண்டா. சும்மா இருந்து ஒரு காப்பி குடிச்சிட்டு வந்தா மதி, போதும்." மயில்சாமி அதுக்குள்ள சட்டைய மாட்டிட்டான். நான் புடிச்சு நிறுத்தினேன். "மயில்சாமி, ரோசனை பண்ணு. செத்தது யாரு? பொம்பளை. அந்த ஊட்டுப் பொம்பளை. உயிரோட இருக்கறப்பவே கேக்கக் கூடாதுன்னா, செத்ததுக்கப்பறம் போயிக் கேக்கலாமா? கையெழுத்து ஆகற நேரம். கம்பெனி பேரு கெட்டுப் போயிரும்"னேன். அவன் என்னைய ஒரு மாதிரியாப் பாத்தான். "சார், அவங்க கஞ்சியக் குடிச்சிருக்கறமுங்க"ன்னான். "கஞ்சி வேற, கம்பெனி வேற"ன்னேன். "அப்ப நான் கம்பெனி ஆளாப் போகலைங்க சார், கஞ்சி குடிச்சவனாப் போறேன்"னு சொல்லிட்டுப் போயிட்டான். லொள்ளைப் பாருங்க. மேனேஜர்கிட்டப் பேசற பேச்சுங்களா அது?

ஹம்சா வாசப்படியில நின்னு, "சாரே, அபு நாசர் உங்களைக் கேட்டாரு"ன்னாரு. கேப்பாருங்க, நம்மளைச் சோதிக்கறதுக்கு. நான் ரூமை உட்டு எறங்கவே இல்லை. மூணு நாளும். அந்த மூணு நாளும் எனக்குச் சோறு எறங்கலை. வவுறு அப்பவும் சரியாகலையாட்ட இருக்குது.

அங்க என்ன நடந்துச்சுன்னு ஹம்சாதான் அப்பறம் சொன்னாரு. எல்லாம் கம்முனு உக்காந்திருக்காங்களாம். அவிய ஆம்பளைங்க சத்தம் போட்டு அழமாட்டாங்க, படைச்சவன் குடுத்தான், படைச்சவன் எடுத்துக்கிட்டான்னு பொறுமையா இருக்கோணும். மயில்சாமி நேராப் போயி அபு நாசர் கையப் புடிச்சிருக்கறான். என்ன சொல்றதுன்னு தெரியலை. சொல்றதுக்கு மொழியும் இல்லை. கஞ்சி குடிக்கற மாதிரி கையில சாடை காட்டிப்போட்டு, ஓன்னு அழுதுட்டானாம். தேம்பித் தேம்பி. அத்தனை பேரு மத்தியில! துக்கம் விசாரிக்கப் போனவனை, துக்கக்காரரு மடியில சாச்சு முதுகத் தடவிக் குடுத்திருக்காரு. அபு நாசருக்கும் அப்பத்தான் கண்ணு கலங்குச்சாம், அது வரைக்கும் கல்லாட்டம் இருந்தாராம். அத்தனை மொறையும் போச்சுங்களா? நாடு உட்டு நாடு போயி இப்படியா மானத்தை வாங்கறது? மூணு நாளும் போயி அங்கயே உக்காந்து, வர்றவியளுக்குத் தண்ணி எடுத்துக் குடுத்துட்டுக் கெடந்திருக்கறான்.

நான் நாலாம் நாள் போனேன். துக்கமெல்லாம் முடிஞ்சு கடை தொறந்த அன்னைக்கு. நல்ல சட்டை போட்டு, சென்ட் அடிச்சுட்டு. காலை மடக்கி உக்காந்தேன். நடந்ததை நான் கேள்விப்பட்ட மாதிரியே காட்டிக்கலை. அவருக்குச் சங்கடமா இருக்கக் கூடாதில்லீங்களா? மூஞ்சியச் சிரிச்ச மாதிரி வெச்சுக்கிட்டு, மொறைப்படி, "ஊட்ல எல்லாரும் சௌக்கியமா?"ன்னு கேட்டேன்.

அவரு கையில இருந்த கணக்கு நோட்டை மூடி வெச்சாரு. அப்பறம் "அல்ஹம்துலில்லா"ன்னாரு. எல்லாப் புகழும் ஆண்டவனுக்கேன்னு. கோவமா இருந்தா அப்படிச் சொல்லுவாருங்களா? சொல்லுங்க. கோவமே இல்லைங்க.

உடனே காப்பி வந்துச்சு. எப்பவும் ஊத்தற ஆளுதான், வயசானவரு. என் கோப்பையில ஊத்தினாரு பாருங்க, விளிம்பு வரைக்கும். ததும்பிக் கையில ஊத்தி, சுட்டுப் போச்சு. பாவம், அவருக்கும் எழவு ஊட்டு வேலை, அலைச்சல், கை தடுமாறியிருக்கும். நான் ஒண்ணும் சொல்லாமக் குடிச்சேன். குடிச்சு முடிச்சதும் அபு நாசர் எந்திரிச்சுட்டாரு. நானும் எந்திரிச்சேன். வாசல் வரைக்கும் வந்து உட்டாரு. நெம்ப மரியாதையான மனுசன்.

கையெழுத்து அதுக்கடுத்த வாரம் ஆச்சுங்க. ஆச்சு. பம்பு நம்ம கம்பெனிதுதான். ஆனா, "இங்க எங்க கூட இருந்து பாத்துக்கறது மயில்சாமியா இருந்தா எனக்குச் சம்மதம்"னு மொதலாளிக்கே போன் போட்டுச் சொல்லிட்டாராம். ரியாத் ஆபீசு, மேனேஜரு, எல்லாம் அவன். உள்ளங்காலை மூஞ்சிக்கு நேரா நீட்டினவன்! மாலைய வாங்கிக் கழுத்துல போட்டவன்! நான் ஒரு தப்புப் பண்ணியிருந்தேன்னா சொல்லுங்க, ஒத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு. நானும் எத்தனையோ நாள் படுத்துட்டு மொதல்ல இருந்து ஒவ்வொண்ணா ரோசிச்சுப் பாத்துட்டேன், ஒரு எடத்துலயும் பெசகலைங்க. அழுது வாங்கிட்டானுங்க அந்த ஆர்டரை. கண்ணீர் உட்டே காரியம் சாதிச்சுட்டான். எனக்கு அந்த வித்தை வராது.

நான் திரும்பி வந்தப்ப எங்கூட்டுக்காரி ரெண்டு பெட்டியவும் கட்டி வாசல்ல வெச்சிருந்தா. அதைப் பிரிக்கறதுக்கு அவளுக்கு ஒரு மாசம் மனசு வரலை. அதுக்கப்பறம் கம்பெனிக்குப் போகவும் பிடிக்கலை, எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்.

மயில்சாமி போன பொங்கலுக்கு லீவுல வந்தான், நேரா எங்கூட்டுக்குத்தான். பெரிய பெட்டி நெறையப் பேரிச்சம்பழம், அபு நாசர் குடுத்து உட்டாராம். "உங்க வவுறு இப்ப எப்படி இருக்குதுன்னு கேட்டாருங்க சார்"ன்னான். எத்தனை வருசம் ஆச்சு, இன்னமும் கேக்கறாரு பாத்தீங்களா? என்னைய உட்டுட்டமேன்னு இப்ப வருத்தப்படறாராட்ட இருக்குது. போறப்ப இவன் மெதுவா, "சார், அந்தப் பெரியம்மா பாத்திரம் உங்ககிட்ட இருக்குதுங்களே. குடுத்தீங்கன்னா நான் கொண்டு போயிக் குடுத்தர்றேன். அவிய ஊட்ல அம்மா சாமானெல்லாம் தனியா எடுத்து வெச்சிருக்காங்க"ன்னான்.

உடைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டனுங்க.

ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியலை. வாயில வந்துருச்சு. அவன் போனதுக்கப்பறம் எங்கூட்டுக்காரி அடுக்களையில இருந்து எட்டிப் பாத்து, "அதான் நல்லா இருக்குதேங்க"ன்னா. கம்முனு இருன்னேன்.

என்ன கேட்டீங்க? அந்தம்மா பேருங்களா? தெரியாதுங்க. பொம்பளைங்க பேரெல்லாம் அங்க கேக்கக் கூடாது, இவ்வளவு நேரம் அதைத்தான சொல்லிட்டு வர்றேன்? நாசரோட பாட்டி. அவ்வளவுதான்.

இதா, பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. நான் எறங்கோணும். நீங்க பழனி வரைக்கும்ங்களா. டம்ளரைக் குடுங்க. இருங்க, மூடிய நான் போட்டுக்கறேன், அது மரை லேசாத் தேஞ்சிருக்குது, பதனமாத் திருகோணும். ஆமாங்க, ரோசாப்பூப் போட்டிருக்குது. தங்கக் கலர்ல கைப்பிடி. இந்தப் பக்கம் இந்த மாதிரி விக்கறதில்லைங்க. வாயி அகலம், கஞ்சி ஊத்தறதுக்குன்னே பண்ணினது. காலையில ஊத்தினாச் சாயங்காலம் வரைக்கும் சூடு கொறையாது.

எங்க எழவு உழுந்தாலும் இதுலதான் சுக்குக் காப்பி கொண்டு போறேன். கொண்டு போயி எல்லாருக்கும் ஊத்திக் குடுத்துட்டு, கழுவித் தொடைச்சுத் திரும்பவும் கொண்டாந்து வெச்சர்றேன். அவிய சாமானுன்னு எனக்குத் தெரியாம இல்லீங்க. ஆனா வெறும் பாத்திரமாத் திருப்பிக் குடுக்கற பழக்கம் நமக்குக் கெடையாது. ஏதாச்சும் போட்டுத்தான் குடுக்கோணும். போட்டுட்டாலும், இப்பக் கொண்டு போயி யாரு கையிலங்க குடுக்கறது?